கண்ணாடிக் குவிமாடம் எங்கள் ஊருக்குச் சரிவருமா?

கேள்வி:

வணக்கம் ஐயா. நான் ஒரு நகராட்சியின் வார்டு உறுப்பினர். ஊர்ப் பெயர் வேண்டாம். கடலிலிருந்து தள்ளி, வெயில் கொளுத்தும் உள் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏரியை ஒட்டி நகராட்சிக்குச் சுமார் நாற்பது ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பெரிய பூங்காவும் தாவரவியல் தோட்டமும் அமைக்கப் போகிறார்கள். கன்சல்டன்ட் நிறுவனம் வந்து திரையில் படம் போட்டுக் காட்டியது. குளிரூட்டிய கண்ணாடிக் குவிமாடம், எட்டு இரும்பு மரங்கள், அவற்றை இணைக்கும் நடைபாலம், ஐந்திணை மண்டபம். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே கார்டன்ஸ் பை தி பே தோட்டத்தைப் பார்த்து வாயடைத்துப் போனவள் நான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, இந்த வெயிலில் கண்ணாடி வீடா என்று மனசு உறுத்துகிறது. நான் படித்தது பி.காம். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. முட்டுக்கட்டை போடுகிறவள் என்று பெயரெடுக்க விருப்பமில்லை. ஊருக்குப் புதுமையாக ஒன்று வரட்டும் என்பதுதான் என் ஆசையும். நான் என்ன கேட்க வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வணக்கம் அம்மா.

பி.காம். படித்ததை ஏதோ குறை போலச் சொல்கிறீர்கள். இந்த மாதிரித் திட்டங்களில் கட்டிடக்கலை பாதி என்றால் வரவு செலவு மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைக் கேட்க ஆளில்லாமல்தான் பல ஊர்களில் திறப்பு விழாவன்று ஓடிய நீரூற்று அப்புறம் ஓடவேயில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். குளிரூட்டிய கண்ணாடிக் குவிமாடம் உங்கள் ஊருக்கு வேண்டாம். புதுமையான கட்டிடம் வேண்டும், ஆனால் அது வேறு மாதிரியானது. காரணம் சொல்ல, நீங்கள் வியந்த அதே சிங்கப்பூர்த் தோட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். கன்சல்டன்ட் அதைத்தான் முன்மாதிரி என்று காட்டியிருப்பார். அவர் காட்டிய படத்தை வைத்தே அவரிடம் கேள்வி கேட்கலாம்.

கண்ணாடி வீடு என்பது குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் தேவைக்குக் கண்டுபிடித்தது. லண்டனில் கியூ தோட்டத்தின் பாம் ஹவுஸ் 1844-இல் தொடங்கி 1848-இல் முடிந்தது. இரும்புச் சட்டமும் கண்ணாடியும். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. வெப்ப நாடுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பனை இனங்களை அந்தக் குளிரில் உயிரோடு வைக்க அவர்களுக்கு வேறு வழியில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் மதியம் ஏறி உட்கார்ந்தால் அந்தத் தத்துவம் நமக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

சிங்கப்பூரில் பிரச்சினை தலைகீழ். வெளியே ஆண்டு முழுக்க வெக்கையும் புழுக்கமும். உள்ளே வளர்க்க நினைத்ததோ ஒரு கூடத்தில் மத்தியதரைக்கடல் பகுதிச் செடிகள், இன்னொரு கூடத்தில் கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 3,000 மீட்டர் உயரத்து மலைக்காட்டுச் செடிகள். கியூவில் சூட்டைப் பிடித்து வைத்தார்கள் என்றால் இங்கே அதைத் துரத்த வேண்டியிருந்தது. துரத்துவதிலும் ஒரு சிக்கல்: செடிக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்தோடு சூடும் ஒட்டிக்கொண்டே வரும். வெளிச்சத்தை விட்டுச் சூட்டை மட்டும் வாசலில் நிறுத்துவது எப்படி என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் அந்தக் கட்டிடங்கள் முழுவதும் உருவாயின. நீங்கள் அங்கே பார்த்த வளைவும் பளபளப்பும் அந்தக் கேள்விக்கான பதில்கள். நம்மூர்ப் படங்களில் பதிலை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டு, கேள்வியை விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டிடங்களை வடிவமைத்தது வில்கின்சன் அயர் நிறுவனம், தோட்டத்தின் மொத்தத் திட்டம் கிராண்ட் அசோசியேட்ஸ் உடையது. வெப்பதட்பக் கணக்குகளுக்கு அட்லியே டென், கட்டமைப்புக்கு அட்லியே ஒன். மத்தியதரைக்கடல் செடிகள் உள்ள கூடத்துக்கு ஃப்ளவர் டோம் என்று பெயர். அது 1.2 ஹெக்டேர், 38 மீட்டர் உயரம், உள்ளே நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கண்ணாடி இரட்டை அடுக்கு; அதில் பூசிய மெல்லிய படலம் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உள்ளே விடுகிறது, வெயிலின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் விடுகிறது. வெயில் அதிகமானால் கூரை விலா எலும்புகளில் சுருட்டி வைத்திருக்கும் துணிப் பாய்கள் தானாக விரிந்து நிழல் தரும். தரைக்கடியில் குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அதனால் ஆளும் செடியும் இருக்கும் கீழ்மட்டம் மட்டும் 23 முதல் 25 டிகிரியில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள காற்றைக் குளிர்விக்க அவர்கள் மெனக்கெடுவதில்லை. சூடான காற்று மேலே போய்த் தேங்கி, கூரை வழியாக வெளியேறிவிடும்.

புழுக்கத்துக்குத் தனி ஏற்பாடு. ஈரத்தை உறிஞ்சும் உப்புக் கரைசல் ஒன்றின் வழியாகக் காற்றை விட்டு, முதலில் உலர்த்திவிட்டு, அப்புறம்தான் குளிர்விக்கிறார்கள். ஈரம் குடித்த கரைசலை மறுபடி உலர்த்தச் சூடு வேண்டும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? தீவு முழுக்கச் சாலையோர மரங்களைக் கழித்த கிளைகளை எரிக்கும் கொதிகலனிலிருந்து. சாம்பல் திரும்பத் தோட்டத்துக்கே உரமாகப் போகிறது. வழக்கமான குளிரூட்டலோடு ஒப்பிட்டால் மின்சாரத்தில் 30 சதவீதமாவது மிச்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இப்போது இரும்பு மரங்களுக்கு வருவோம். மொத்தம் 18, உயரம் 25 முதல் 50 மீட்டர் வரை. அவற்றில் 11 மரங்களுக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கிறது. சிலவற்றின் தலையில் சூரிய மின்தகடு, சிலவற்றின் உடம்பு கண்ணாடிக் கூடங்களின் காற்றுப்போக்கி. நீங்கள் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்த மரங்களில் ஒன்று அந்தக் கொதிகலனின் புகைபோக்கியாக இருந்திருக்கலாம்! அவற்றை வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தோட்டம் கடலைத் தூர்த்த நிலத்தில் புதிதாக உருவானது. நிஜ மரங்கள் வளர்ந்து, பக்கத்து மரினா பே கோபுரங்களுக்கு ஈடாக நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த உயரத்தை முதல் நாளே கொண்டுவர ஒரு வழி தேவைப்பட்டது.

உங்கள் நாற்பது ஏக்கரைச் சுற்றி ஐம்பது மாடிக் கோபுரம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். கொதிகலனும் இல்லை. அப்படியானால் அந்த எட்டு மரங்களும் என்ன வேலை செய்யப் போகின்றன? இதைக் கூட்டத்தில் அப்படியே கேளுங்கள். ‘செல்ஃபி பாயிண்ட்’ என்பதுதான் பதில் என்றால் ஒன்று போதும், எட்டு எதற்கு? செங்குத்தாகச் செடி வளர்க்க என்றால், தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. மழை, நீண்ட வறட்சிக் காலம் கிடையாது. தமிழ்நாட்டின் சராசரி 1,000 மி.மீ.-க்கும் குறைவு, அதிலும் கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். மே மாதம் மூன்று மணி வெயிலில், மேற்குப் பார்த்த இரும்புச் சட்டத்தில் கையளவு மண்ணில் நிற்கும் ஃபெர்னை எதை ஊற்றிக் காப்பாற்றுவது?

அடுத்து உங்கள் பாடம், கணக்கு. அந்தத் தோட்டத்தின் தென்பகுதி மட்டும் 54 ஹெக்டேர். நில மதிப்பைச் சேர்க்காமல் அதற்கு ஒதுக்கிய தொகை 103.5 கோடி சிங்கப்பூர் டாலர். அதை விடுங்கள், அது ஒருமுறைச் செலவு. நீங்கள் பார்க்க வேண்டியது வருடாந்தரச் செலவு. திறந்த காலத்தில் போட்ட மதிப்பீடு ஆண்டுக்கு 5.8 கோடி டாலர், அதில் 2.8 கோடி கண்ணாடிக் கூடங்களை நடத்த மட்டும். இரண்டு கூடங்களும் சேர்ந்து 2 ஹெக்டேர்தான். பரப்பில் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத இடம் செலவில் ஏறத்தாழப் பாதியை விழுங்குகிறது. வெளித் தோட்டத்தின் பெரும்பகுதிக்கு நுழைவு இலவசம், கூடங்களுக்கு டிக்கெட். திறந்த 2012 ஜூன் முதல் அக்டோபர் வரைக்குள் 17 லட்சம் பேர் தோட்டத்துக்கு வந்தார்கள். உலகச் சுற்றுலா நகரம் அது, விமானத்தில் இறங்கியவர்கள் நேரே வருகிறார்கள். உங்கள் ஊரில் பொங்கல் விடுமுறையில் வரும் கூட்டம் வைகாசியில் குளிரூட்டிக்கு மின் கட்டணம் கட்டுமா?

ஏ.சி. போடாமல் வெறும் கண்ணாடிக் கூரையாகவே வைக்கலாமே என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அது இன்னும் மோசம். உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிறார்கள் என்றால் அது மேட்டு நிலம், காற்று இதமானது. வெயில் சமவெளியில் விவசாயிகள் பெரும்பாலும் நிழல்வலைக் குடிலுக்குப் போவது காரணத்தோடுதான். இன்னொன்று, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவிப் பாருங்கள், கொஞ்ச நாளில் வெள்ளைப் படலம் ஏறிவிடும். அத்தனை உயரத்தில் அதைத் துடைப்பதற்கென்றே ஆள், கயிறு, காப்பீடு என்று தனிச் செலவு.

அப்படியானால் சிங்கப்பூரிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அவர்கள் வேலை செய்த வரிசையைப் பாருங்கள். 2006-இல் சர்வதேச வடிவமைப்புப் போட்டி நடத்தினார்கள். கட்டத் தொடங்கும் முன்னால் அதே ஊரில் ஹார்ட்பார்க் என்ற இடத்தில் சிறிய சோதனைக் கண்ணாடிக் குடில்களைக் கட்டி, எந்தச் செடி எந்தக் குளிரில், எந்த ஈரப்பதத்தில் பூக்கிறது, எது சாகிறது என்று பார்த்தார்கள். திட்டத்துக்குத் தலைமை தாங்கிய டான் வீ கியாட் தாவரவியல்காரர். அதாவது செடிப் பட்டியல் முதலில், சோதனை அடுத்து, கட்டிடம் கடைசியில். திறந்தது 2012 ஜூன் 29. நம்மூரில் பெரும்பாலும் கட்டிடப் படம் முதலில் வரும், செடி டெண்டர் கடைசியில் வரும். அந்த டெண்டரில் எழுதியிருப்பது ‘அலங்காரச் செடிகள் 20,000 எண்ணம்’ என்பதாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பூங்கா வேறு, தாவரவியல் தோட்டம் வேறு. பூங்காவில் நிழலும் பெஞ்சும் நடைபாதையும் கழிப்பறையும் ஒழுங்காக இருந்தால் போதும், ஊர் வாழ்த்தும். தாவரவியல் தோட்டம் என்றால் ஒவ்வொரு செடிக்கும் பதிவேடு வேண்டும். எந்த மலை, எந்தக் காடு, யார் விதை எடுத்தது, எந்த ஆண்டு நட்டது, என்ன எண் கொடுத்தது என்று எல்லாம். அதற்கு ஒரு காப்பாளர் வேண்டும். தாவரவியல் படித்த, சம்பளம் வாங்குகிற, நிரந்தர ஊழியர். உங்கள் திட்ட மதிப்பீட்டில் அந்தப் பதவி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது பெயர்ப்பலகை மாட்டிய பூங்கா. அதிலும் தப்பில்லை, ஆனால் அப்படிச் சொல்லிவிட்டே கட்டலாம், பாதிச் செலவில் முடியும்.

சரி, புதுமையான கட்டிடம் என்று நான் எதைச் சொல்கிறேன்?

பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். 1889-இல் அடிக்கல் நாட்டியது. லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துச் செய்தது, வார்ப்பிரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. ஆனால் நன்றாகக் கவனித்தால் அது செடியைச் சூடாக வைக்கும் வீடே இல்லை. பக்கங்கள் திறந்தவை, காற்று ஊடாடும். மலர்க் கண்காட்சிக்கு ஒரு மண்டபமாகத்தான் அது நூறு ஆண்டுக்கு மேலாக உழைக்கிறது. ஐரோப்பிய வடிவத்தை வாங்கி, இந்த ஊர்க் காற்றுக்கும் வேலைக்கும் மாற்றிக்கொண்டார்கள். அதுவும் பெங்களூரின் இதமான வெயிலில்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் கிர்ஸ்டன்போஷ் தோட்டம் 1913-இல் தொடங்கியது. நூற்றாண்டு நிறைவுக்கு அவர்கள் பிரம்மாண்ட மாளிகை எதுவும் கட்டவில்லை. மரங்களுக்கு நடுவே, மர உச்சிகளுக்கு மேலே ஏறி இறங்கும் ஒரு நடைபாலம் போட்டார்கள். 130 மீட்டர் நீளம், அதிக உயரம் 12 மீட்டர் போல. இரும்பும் மரப்பலகையும், பாம்பு நெளிவது போல வளைவு. பெயரே பூம்ஸ்லாங், மரப்பாம்பு. 2014-இல் திறந்தது, இன்றும் அந்தத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் தேடிப் போவது அதைத்தான். குளிரூட்டி கிடையாது, டிக்கெட் கவுண்டர் தனியாகக் கிடையாது. உங்கள் திட்டத்தில் நடைபாலத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இரும்பு மரங்களை இணைக்காமல், நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் பெரிய மரங்களுக்கு நடுவே போகட்டும். அங்கே என்னென்ன மரம் நிற்கிறது என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா? ஒவ்வொரு மரத்தையும் அதன் சுற்றளவோடு வரைபடத்தில் குறித்த மரக் கணக்கெடுப்பு இல்லாமல் எந்த வடிவமைப்பையும் ஏற்காதீர்கள்.

இங்கிலாந்தில் ஈடன் புராஜெக்ட் வேறு வகைப் பாடம். கார்ன்வாலில் கைவிட்ட களிமண் சுரங்கக் குழி ஒன்றில் 2001-இல் திறந்தார்கள். குழியின் தரை எப்படி இருக்கும் என்றே உறுதியாகத் தெரியாத நிலையில், எந்த மேடுபள்ளத்திலும் உட்காரக்கூடிய குமிழி வடிவத்தை நிக்கோலஸ் கிரிம்ஷாவின் குழு எடுத்தது. கண்ணாடிக்குப் பதில் காற்றடைத்த மெல்லிய பிளாஸ்டிக் தலையணைகள், கண்ணாடியோடு ஒப்பிட்டால் எடையே இல்லை. மண்ணும் அங்கே கிடையாது, சுரங்கக் கழிவையும் மக்கிய உரத்தையும் கலந்து 80,000 டன்னுக்கு மேல் மண்ணையே தயாரித்தார்கள். அந்த வடிவமும் நம் வெயிலுக்கு ஆகாது. ஆனால் நிலம் எப்படியோ அப்படித்தான் கட்டிடம் என்ற பிடிவாதம் நமக்கு ஆகும்.

கட்டிடமே இல்லாமலும் முடியும். கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைத் தோட்டம் போனவர்களைக் கேளுங்கள், பனை வகைகளை வரிசையாக நட்ட அந்தச் சாலைகளைத்தான் சொல்வார்கள். ஆனால் மன்றத்தில் இதைச் சொன்னால் ‘வெறும் மரமா?’ என்பார்கள், தெரியும்.

அதனால் நான் பரிந்துரைப்பது இது. சோழவந்தான், கும்பகோணம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருக்கிறீர்களா? அகத்தியை நெருக்கமாக வரிசையில் வளர்த்து, அதன் மேல் கொடியை ஏற்றி, நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டிருப்பார்கள். மேலே அகத்தியின் மெல்லிய நிழல், கீழே ஈரம், காற்று மெதுவாக உள்ளே வந்து போகும். வெளியே வெயில் பிளந்தாலும் கொடிக்காலுக்குள் நுழைந்தால் உடம்புக்கே தெரியும். நிழலையும் ஈரத்தையும் தேடும் ஒரு கொடியை நம் வெயிலில் காப்பாற்ற நம் விவசாயிகள் கண்டுபிடித்த வீடு அது. கண்ணாடி இல்லை, மின்சாரம் இல்லை.

அதைக் கட்டிடமாகப் பெரிதாக்கச் சொல்லுங்கள். மெல்லிய இரும்புத் தூண்கள், எட்டொன்பது மீட்டர் உயரம். சூடு தலைக்கு மேலே எழும்பிப் போக அவ்வளவாவது வேண்டும். முகட்டில் நீளவாக்கில் காற்றுத் திறப்பு. தூணுக்குத் தூண் கம்பிவடம், அதில் கொடிகள் ஏறும். முதல் சில ஆண்டுகளுக்கு மேலே நிழல்வலை. கொடியும் உள்ளே நட்ட மரங்களும் கூரையைப் பிடித்த பிறகு வலையைக் கட்டம் கட்டமாகக் கழற்றிவிடலாம். கீழே வாய்க்கால்கள். உங்கள் ஊர் உள் மாவட்டம், கோடையில் காற்று உலர்ந்திருக்கும். அதனால் நீர் ஆவியாகும்போது வரும் குளிர்ச்சி அங்கே நன்றாகவே வேலை செய்யும். கடலோர ஊராக இருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன். மேற்குப் பக்கம் மட்டும் அடர்த்தியான மரச்சுவர் கொடுங்கள், மாலை வெயில்தான் எதிரி. நாற்பது ஏக்கரில் ஒரு ஏக்கரை இப்படி மூடினாலே, பகல் ஒரு மணிக்கும் பள்ளிப் பிள்ளைகள் நடக்கக்கூடிய தோட்டம் உங்களிடம் இருக்கும். இதற்கு நல்ல வடிவமைப்பாளரும் நல்ல கட்டமைப்புப் பொறியாளரும் வேண்டும், இது தகரக் கொட்டகை வேலை இல்லை. படத்தில் காட்டினால் கைதட்டலும் கிடைக்கும்.

வெளியே என்ன நடுவது? உசிலை, வன்னி, ஆத்தி, வெப்பாலை, இலுப்பை, கருங்காலி போன்றவை உங்கள் பக்கத்து மண்ணுக்குச் சொந்தக்காரர்கள், வெளியே நிற்கட்டும். ஏரி ஓரம் மருது. கிழக்குக் கடற்கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு என்று ஒன்று உண்டு. வீரை, காயா, உலக்கைப்பாலை எல்லாம் அதில் வரும். பெரும்பகுதி அழிந்து, கோயில் காடுகளில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. ஆரோவில் தாவரவியல் தோட்டத்தில் அந்த மரங்களைப் பல ஆண்டுகளாக வளர்த்துவருகிறார்கள். ஒருமுறை உங்கள் குழுவை அங்கே அழைத்துப் போங்கள், சிங்கப்பூர் டிக்கெட்டைவிட மலிவு.

ஐந்திணை மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பூங்காத் திட்டம் என்றால் ஐந்திணை வந்தே தீரும், நான் பழகிவிட்டேன். மருதமும் பாலையும் உங்கள் ஊரில் தானாகவே இருக்கின்றன, முல்லைக்கும் வழி உண்டு. நெய்தலைச் சுவரில் வரையலாம். குறிஞ்சிக்கு என்ன செய்யப் போகிறார்கள்? நீலக்குறிஞ்சி மேற்கு மலையின் உயரத்துப் புல்வெளியில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. குவிமாடத்துக்குள் ஏ.சி. போட்டு அதை வளர்த்தே விட்டாலும், பதினொரு வருடம் வெறும் புதரைக் காட்டி டிக்கெட் வாங்க வேண்டும். மலைச் செடி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஊட்டித் தோட்டம் 1848-லிருந்து இருக்கிறது, இயற்கையே அங்கே குளிரூட்டிக் கொடுக்கிறது.

ஏரியைக் கடைசியில் சொன்னாலும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அதுதான். அந்த நாற்பது ஏக்கரில் எவ்வளவு ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி? ஏரி நிரம்பி வழியும் கலங்கலின் மட்டம் எங்கே? நீர்வரத்து வாய்க்கால் எந்த சர்வே எண் வழியாக வருகிறது? வறண்ட ஆண்டில் அளந்தால் எல்லாமே தரிசாகத்தான் தெரியும். நல்ல மழை ஆண்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கரையோர விவசாயிகளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் கான்கிரீட் வந்தால் நீதிமன்றம் போகும், போகவும் வேண்டும். இதிலும் சிங்கப்பூர் உதவுகிறது: அங்கே தோட்டத்தில் ஓடிவரும் மழைநீர் நாணல் படுகைகள் வழியாக வடிந்து, ஏரிகளில் தெளிந்து, அதன் பிறகே நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. உங்கள் ஏரிக்குள் ஊர்ச் சாக்கடை எங்கேயாவது கலக்கிறதென்றால், அதற்கும் ஏரிக்கும் நடுவே கோரையும் சம்பும் வளர்த்த வடிகட்டுப் படுகையைத் தோட்டத்தின் ஓர் அங்கமாகவே கேளுங்கள். அதன் மேல் மரப்பாலம் போட்டால் பிள்ளைகளுக்குப் பறவை பார்க்கும் இடம்.

கூட்டத்தில் தீர்மானத்தை எதிர்க்க வேண்டாம், திருத்தம் கொடுங்கள். ‘பூங்கா, தாவரவியல் தோட்டத் திட்டத்தை மன்றம் வரவேற்கிறது, மரக் கணக்கெடுப்பு, மண் பரிசோதனை, ஏரி எல்லை அளவை, செடிப் பட்டியல், பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவு மதிப்பீடு ஆகியவை வந்த பிறகு கட்டிட வடிவமைப்பு இறுதி செய்யப்படும்’ என்று எழுதினால் யாரும் உங்களை முட்டுக்கட்டை என்று சொல்ல முடியாது. பராமரிப்பு மதிப்பீட்டில் மின்சாரம், தண்ணீர், தோட்ட ஊழியர்கள், காப்பாளர் சம்பளம் நான்கும் தனித்தனி வரியாக இருக்கட்டும். ‘இதர செலவுகள்’ என்று ஒரே வரியில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். கையோடு, கட்டிடம் எழும்பும் முன்பே நிலத்தின் ஒரு மூலையில் நாற்றங்கால் ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். அரை ஏக்கர், ஒரு போர்வெல், நிழல்வலை, இரண்டு ஆட்கள் போதும். இரண்டு கோடையைத் தாண்டிய நாற்று எது என்று அங்கே தெரிந்துவிடும், அதுதான் உங்கள் ஹார்ட்பார்க்.

விரிவான திட்ட அறிக்கை உங்கள் கைக்கு வந்ததும் செடிப் பட்டியல் உள்ள பக்கத்தையும் பராமரிப்புச் செலவுப் பக்கத்தையும் மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.